என் கீழுதடு

காஸ்தோ பெராமெந்தியைப் பற்றி இதுவரை மூன்று புத்தகங்கள் வந்திருக்கின்றன. மூன்றையும் நூலகத்தில் நின்றுகொண்டே படித்தேன். உட்கார்ந்து படித்தால் அவனுக்கு மரியாதை கொடுத்தது போலாகிவிடும். முதல் இரண்டில் என் பெயர் இல்லை. மூன்றாவதில், நாற்பத்தோராம் பக்கத்தில், "உடன் ஆடிய இன்னொரு பின்கள வீரர்" என்று ஒரு வரி வருகிறது. அந்த இன்னொருவன் நான்தான். பெயர் இசிதோரோ. உதடும் என்னுடையது.

உதட்டுக்கு வருகிறேன். அதற்கு முன் காற்றைச் சொல்ல வேண்டும்.

ஓயாமுர்காவில் எங்கள் ஆட்டக்களம் எப்ரோ ஆற்றுக்கும் மிளகாய் டப்பாவில் அடைக்கும் ஆலைக்கும் நடுவில் இருக்கிறது. வடமேற்கிலிருந்து சியெர்சோ காற்று வீசும் நாட்களில் எங்கள் கோல்கீப்பர் உதைத்த பந்து நடுக்கோட்டைத் தொடாமல் திரும்பி வந்து அவரையும் சேர்த்து வலைக்குள் தள்ளியிருக்கிறது. ஒருமுறை பந்து திரும்பவே இல்லை. அடுத்த ஞாயிறு ஆட்டத்தின் நடுவில் வந்து சேர்ந்தது. நேராக கோலுக்குள் போனது. போன வாரக் கணக்கில் சேர்க்கச் சொன்னோம். நடுவர் சம்மதிக்கவில்லை.

அந்தக் களத்தில் காஸ்தோவும் நானும் ஏழு வருடம் நடுப் பின்களத்தில் ஜோடியாக ஆடினோம். மூன்றாம் பிரிவு அணி. நான் வேகம். காஸ்தோவை விட மெதுவாக நகரக்கூடியது எங்கள் ஊரில் நகராட்சி ஒன்றுதான். ஆனால் தலையால் முட்டுவான். அவன் முட்டிய பந்து ஒன்று ஆற்றைத் தாண்டி நவார்ரா மாகாணத்தில் விழுந்தது. வரி கட்டாமல் வந்த சரக்கு என்று அங்கே அதைப் பிடித்து வைத்துக்கொண்டார்கள். மற்றபடி இருவரில் நான்தான் நல்ல ஆட்டக்காரன். என் அம்மா அப்படித்தான் சொன்னாள். காஸ்தோவின் அம்மாவும் சொன்னாள்.

ஆட்டம் மாலையில். காலை பத்து மணிக்கு ப்ருதென்சியோவின் மதுக்கடையில் கூடுவோம். ஆம்லெட், பன்றித் தொத்திறைச்சி, ஒரு ஜாடி மிளகாய், அப்புறம் முஸ். முஸ் என்பது நால்வர் ஆடும் சீட்டாட்டம். எதிரெதிரே உட்கார்ந்திருப்பவர்கள் ஒரு ஜோடி. கையில் என்ன இருக்கிறது என்பதைக் கூட்டாளிக்கு முகத்தால் சொல்லலாம். எல்லோருக்கும் தெரிந்த சைகைகள்தான். கீழுதட்டைக் கடித்தால் இரண்டு ராஜா, நாக்கு நுனியைக் காட்டினால் இரண்டு ஆஸ். எதிராளி பார்க்காத நொடியில் காட்ட வேண்டும், அதுதான் திறமை. ஒரே ஒரு சட்டம் உண்டு. வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் பொய் சொல்லலாம், முகம் பொய் சொல்லக்கூடாது. பொய்ச் சைகை காட்டியவனை அதற்குப் பிறகு எந்த மேஜையிலும் சேர்க்க மாட்டார்கள். எங்கள் ஊரில் திருடிவிட்டு வந்தவனோடு முஸ் ஆடியிருக்கிறோம். பொய்ச் சைகை காட்டிய பால்தோமேரோ வேற்றூருக்குக் குடிபோனான்.

களத்தில் கத்திப் பிரயோஜனமில்லை. "ஏறு" என்று நான் கத்தினால் காற்று அதை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும், அங்கே ஆடுகிறவர்கள் ஏறுவார்கள். அதனால் காஸ்தோவும் நானும் முஸ் சைகையையே களத்துக்குக் கொண்டுவந்தோம். நான் கீழுதட்டைக் கடித்தால், பின்வரிசை மொத்தமும் ஒரே அடியாக முன்னால் ஏற வேண்டும், எதிரணி ஆட்கள் ஆஃப்சைடில் மாட்டுவார்கள். பந்து உதைபடும் நொடியில் எங்கள் வரிசைக்குப் பின்னால் நிற்பவன் போடும் கோல் செல்லாது. நாக்கு நுனி என்றால் எல்லோரும் பின்வாங்க வேண்டும். நான் முகத்தைக் காட்டுவேன், அவன் கையைத் தூக்குவான், வரிசை நகரும். கை நீளமானவன் என்பதால் அந்த வேலை அவனுக்கு.

எண்பத்தெட்டாம் வருடம், மே மாதம், கடைசி ஆட்டம். இரண்டாம் பிரிவு அணி ஒன்றிலிருந்து ஆள் பார்க்க ஒருவர் வந்திருந்தார். மழையில்லாத நாளில் குடை வைத்திருந்தார். காற்று அதை வாங்கிக்கொண்ட பிறகும் பிடியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எண்பத்தொன்பதாம் நிமிடம், கோல் எதுவும் இல்லை. எதிரணி நடுக்களத்தில் பந்தோடு நிற்கிறது. பின்வரிசை அப்போது ஏறுவது பைத்தியக்காரத்தனம், எந்தப் பள்ளிக்கூடத்திலும் அப்படிச் சொல்லித்தர மாட்டார்கள். நான் கீழுதட்டைக் கடித்தேன். காஸ்தோ கையைத் தூக்கினான். வரிசை ஏறியது. அதே நொடியில் பந்து உதைபட்டது. எதிரணி ஆட்கள் மூன்று பேர் பேருந்துக்குக் காத்திருப்பவர்கள் மாதிரி ஆஃப்சைடில் நின்றார்கள். அவர்கள் போட்ட கோல் செல்லவில்லை.

குடைப்பிடிக்காரர் கேட்டது ஒன்றுதான். கையைத் தூக்கியவன் யார்?

பத்தாம் நாள் காஸ்தோ பெட்டியோடு ரயில் ஏறினான்.

இங்கே ஒரு சிறு விவரத்தைச் சொல்லிவிடுகிறேன். அன்று காலை ப்ருதென்சியோவோடு பந்தயம் கட்டி ஏழு அலெக்ரியா தின்றிருந்தேன். அலெக்ரியா என்றால் மகிழ்ச்சி. எங்கள் பக்கத்தில் இருப்பதிலேயே காரமான மிளகாய்க்கு அந்தப் பெயர். ஏழாவது, எண்பத்தொன்பதாம் நிமிடத்தில் ஏப்பமாக மேலே வந்தது. உதட்டைக் கடித்தேன். மிளகாய்க்கு இதில் பங்கே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது என் வாயில் இருந்தது. உதடு என்னுடையது. கை மட்டும்தான் அவனுடையது, வேலை கைக்குக் கிடைத்துவிட்டது. மிளகாய் விஷயம் ப்ருதென்சியோவுக்கும் எனக்கும் மட்டும் தெரியும். ப்ருதென்சியோ இறந்துவிட்டார். நல்ல மனிதர்.

அதற்குப் பிறகு காஸ்தோவின் வாழ்க்கையை நான் அறிந்த அளவுக்கு அவனே அறிந்திருக்க மாட்டான். இரண்டாம் பிரிவில் ஒன்பது வருடம், இருநூற்றுப் பதினான்கு ஆட்டம், மூன்று கோல், அதில் ஒன்று சொந்த வலையில். முழங்கால் போனது. பிள்ளைகள் அணிக்குப் பயிற்சி கொடுத்தான். கானரித் தீவுகளில் ஓர் அணி, அங்கே உடை மாற்றும் அறையிலேயே படுத்துக்கொண்டான். அப்புறம் ஒரு பெண்கள் அணி, அதைக் கோப்பை வாங்க வைத்தான். இரண்டு இடத்தில் வேலையை விட்டு நீக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அதைக் கொண்டாட நான் நத்தைக் குழம்பு வரவழைத்தேன், ஒவ்வொரு முறையும் பாதித் தட்டு மிச்சமாயிற்று. ஏனென்று எனக்கே புரியவில்லை. கடைசியில் துரிகானா அணி. அதைத் தூக்கி முதல் பிரிவில் வைத்தான்.

அவன் தொலைக்காட்சியில் வரும்போதெல்லாம் நான் ப்ருதென்சியோ கடையில் திரைக்கு முதுகைக் காட்டி உட்காருவேன். எதிர்ச்சுவரில் கண்ணாடி இருக்கிறது, அதில் தெரியும். ஒரு ஞாயிறு அந்தக் கண்ணாடியில்தான் பார்த்தேன். களத்தோரம் கோட்டும் சூட்டுமாக நின்றவன் கீழுதட்டைக் கடித்தான். துரிகானாவின் பின்வரிசை ஒரே அடியாக ஏறியது. வர்ணனையாளர் அதை நரம்புத் துடிப்பு என்றார். பக்கத்திலிருந்த நிபுணர், பொறுப்பின் சுமை என்றார். நான் கோப்பையைக் கீழே வைத்தேன். என் உதடு, அவன் முகத்தில் இருந்தது. அதைச் சிவப்பாகப் பளபளவென்று வேறு வைத்திருந்தான்.

வருடா வருடம் கிறிஸ்துமஸுக்குத் தொலைபேசியில் கூப்பிடுவான். என் மனைவி விசிதாசியோன் எடுப்பாள். நான் தோட்டத்துக்குப் போய்விட்டிருப்பேன். டிசம்பரில் தோட்டத்தில் எந்த வேலையும் கிடையாது.

"மத்த பொம்பளைங்க, புருஷன் எவள நெனச்சு ஏங்குறானோன்னு பயப்படுறாளுங்க," என்பாள் அவள். "என் வீட்டுல இது முப்பது வருஷமா ஒரு ஆம்பளையோட ஆஃப்சைட நெனச்சு மோட்டுவளையப் பாத்துட்டுக் கெடக்கு."

பொறாமை என்று அதைச் சொல்லக்கூடாது. எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஊர் கூடிய இடத்தில், அவன் வாயால், "அந்த உதடு இசிதோரோவுடையது" என்று ஒருமுறை சொல்ல வேண்டும். அவன் கார், அவன் முடி, ஐம்பத்தெட்டு வயதிலும் தொந்தியில்லாத வயிறு, இவற்றை நான் கவனித்ததுகூட இல்லை. முடி முழுவதும் அவனுடையதுதான், விசாரித்துவிட்டேன்.

போன அக்டோபரில் அரசர் கோப்பைக்கு, எந்த அணியோடு எந்த அணி என்று சீட்டுக் குலுக்கினார்கள். சின்ன அணியின் களத்தில், ஒரே ஆட்டத்தில், பெரிய அணி வந்து ஆட வேண்டும் என்பது முறை. ஓயாமுர்காவுக்கு விழுந்த சீட்டு துரிகானா. ஊரே தெருவில் கூடிக் குதித்தது. காஸ்தோ வரான், காஸ்தோ வரான் என்று மேயரம்மா முதல் பாதிரியார் வரை அதே பேச்சு. நகராட்சி வாசலில் அவன் படத்தைத் தொங்கவிட்டார்கள். கை தூக்கியிருக்கும் அந்தப் பழைய படம்தான். ஓரத்தில் இருந்த என்னைச் சட்டகத்துக்காக வெட்டியிருந்தார்கள். என் முழங்கை மட்டும் இருந்தது.

எங்கள் அணிப் பயிற்சியாளர் ஓனோரியோ. வார நாட்களில் கார் ஓட்டக் கற்றுத்தருகிறார். அவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், மிளகாயைத் தவிர. காஸ்தோ உதட்டைக் கடித்தால் வரிசை ஏறும். ஏறப்போவது முன்கூட்டியே தெரிந்தால், நம் முன்கள ஆள் ஒரு நொடி நின்று, ஏறியவர்களுக்குப் பின்னால் காலியாகக் கிடக்கும் இடத்துக்குப் பிறகு ஓடலாம்.

ஓனோரியோ என்னை மேலும் கீழும் பார்த்தார். "பெருசு, அவரு உன் கூட்டாளி இல்லையா?"

"அதான் எனக்குத் தெரியுது."

"கூட்டாளி சைகைய எதிராளிக்குச் சொல்றது முஸ்ல சரியா?"

"முப்பத்தஞ்சு வருஷத்துக்கு முன்னாடியே எந்திரிச்சுப் போன கூட்டாளிய்யா அவன்," என்றேன்.

ஏற்பாடு இதுதான். களப் பொறுப்பாளன் என்ற கைப்பட்டை எனக்கு உண்டு, அதனால் எங்கள் ஆட்கள் அமரும் பலகையில் உட்காரலாம். காஸ்தோ உதட்டைக் கடித்ததும் நான் தொப்பியைக் கழற்ற வேண்டும். தொப்பியைப் பார்த்ததும் எங்கள் முன்கள ஆள் கினெஸ் நிற்க வேண்டும். கினெஸ் குழாய் ரிப்பேர்க்காரன், சொன்னதைச் செய்வான், சொல்லாததை யோசிக்க மாட்டான்.

ஆட்ட நாளன்று காலை பத்து மணிக்கு, அணியை விடுதியில் விட்டுவிட்டு, காஸ்தோ ப்ருதென்சியோ கடைக்கு நடந்தே வந்தான். கடை இப்போது மகள் எலாதியாவின் கையில். எல்லோரும் எழுந்து நின்றார்கள். நானும் எழுந்தேன், காற்றாட. அவன் நேராக என்னிடம் வந்து கட்டிக்கொண்டான். நல்ல வாசனைத் தைலம் போட்டிருந்தான். பழைய மேஜையில் பழைய நாற்காலியில் உட்கார்ந்தான். நான் என் வீட்டிலிருந்து கொண்டுவந்த ஜாடியை அவன் முன் வைத்தேன். அலெக்ரியா. அந்த வருட மகசூலில் இருந்ததிலேயே கொடியவற்றை விசிதாசியோனுக்குத் தெரியாமல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி நிரப்பியது. ஆட்ட நேரத்தில் அவன் வயிறு அவனைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளட்டும் என்ற நல்லெண்ணம்தான்.

இரண்டு தின்றான். கண்ணில் நீர் கட்டியது. அதை ஊர்ப்பாசம் என்று மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"இத நான் எடுத்துட்டுப் போகட்டுமா?" என்றான். "துரிகானால மிளகாங்கற பேர்ல வெள்ளரிக்கா விக்கிறாங்கடா."

ஜாடியைக் கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டு போனான். அவன் பை பெரிது.

ஆட்டம் நான்கு மணிக்கு. காற்று அன்று அதிசயமாக நின்றிருந்தது. முப்பத்தோராம் நிமிடத்தில் காஸ்தோ களத்தோரம் வந்து நின்று கீழுதட்டைக் கடித்தான். நான் தொப்பியைக் கழற்றினேன். கினெஸ் நின்றான். அவர்கள் வரிசை ஏறியது, பந்து அவர்கள் தலைக்கு மேல் போனது, கினெஸ் பின்னாலிருந்து கிளம்பி ஓடி அதை வலைக்குள் போட்டான். முதல் பிரிவு அணிக்கு எதிராக ஓயாமுர்கா ஒன்றுக்குப் பூஜ்யம். ஆலையில் சங்கு ஊதினார்கள். அந்தச் சத்தத்தில் ஆற்றில் இரண்டு மீன் கரையேறியதை நான் பார்த்தேன்.

காஸ்தோ அசையவில்லை. மெல்லத் தலையைத் திருப்பி எங்கள் பலகையைப் பார்த்தான். என் தொப்பியைப் பார்த்தான். அது அப்போது என் முழங்காலில் இருந்தது.

அவன் பொய்ச் சைகை காட்டி எங்களை ஏமாற்ற மாட்டான் என்று எனக்குத் தெரியும். ஓயாமுர்காவில் பிறந்தவன். இடைவேளைக்குப் பிறகு அவன் சைகையையே நிறுத்திவிட்டான். முகத்தை மரப்பலகை மாதிரி வைத்துக்கொண்டான். அவன் ஆட்களும் அவன் பக்கம் திரும்புவதை நிறுத்தினார்கள். மூலை உதையில் ஒரு கோல் போட்டுச் சமன் செய்தார்கள். நான் மட்டும் அவன் முகத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

எண்பத்தெட்டாம் நிமிடம். எங்கள் ஆள் ஒருவன் பந்தைத் தள்ளிவிட, கினெஸ் அவர்கள் வரிசையைத் தாண்டித் தனியாகப் போய்க்கொண்டிருக்கிறான். முன்னால் கோல்கீப்பர் மட்டும். நான் காஸ்தோவைப் பார்த்தேன். அவன் கீழுதட்டை நன்றாக, இரண்டு வரிசைப் பல்லும் பட, கடித்தான்.

நான் தொப்பியைக் கழற்றினேன். யோசிக்கவில்லை. நாற்பது வருடப் பழக்கம், உதடு சொன்னால் கை கேட்கும்.

கினெஸ் ஓரக்கண்ணால் தொப்பியைப் பார்த்தான். சொன்னதைச் செய்கிறவன். நின்றான். கோலுக்கு எட்டடி தூரத்தில், பந்தைக் காலடியில் வைத்துக்கொண்டு, அஞ்சல் அலுவலக வரிசையில் நிற்பவன் மாதிரி நின்றான். பின்னால் வந்த துரிகானா ஆள் பந்தை எடுத்துக்கொண்டு போனான். மூன்று உதையில் அது எங்கள் வலையில் இருந்தது. இரண்டுக்கு ஒன்று. முடிந்தது.

"பெருசு," என்றார் ஓனோரியோ.

நான் தொப்பியைப் போட்டுக்கொண்டு களத்துக்குள் நடந்தேன். மனதுக்குள் ஒரு விதத்தில் குளிர்ந்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பொய்ச் சைகை. முழு ஊருக்கும் எதிரில். கார், முடி, முதல் பிரிவு எல்லாம் இருக்கட்டும், இனி இந்த ஊரில் ஒரு மேஜையில் உட்கார முடியுமா அவனால்? சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டே போனேன்.

அவனைச் சுற்றிக் கூட்டம். பக்கத்தில் வானொலிக்காரப் பெண் ஒலிவாங்கியோடு நின்றாள். உள்ளூர் வானொலியைக் களத்து ஒலிபெருக்கியிலும் இணைத்திருந்தார்கள். நான் நடுக்கோட்டைத் தாண்டும்போது அவன் குரல் நான்கு மூலையிலிருந்தும் வந்தது.

"எல்லாரும் என் கையத்தான் சொல்றாங்க," என்றது குரல். "எண்பத்தெட்டுல அன்னைக்கு நான் ஒண்ணுமே பாக்கலங்க. இசிதோரோ உதட்டக் கடிச்சான், நான் கையத் தூக்கினேன், அவ்வளவுதான். அந்தப் பந்து உதைபடுறதுக்கு முன்னாடியே அவனுக்குத் தெரிஞ்சுது. நானும் இருபத்தஞ்சு வருஷமா பயிற்சி வகுப்புல இதச் சொல்லித்தர்றேன், அவன் எப்படிப் பாத்தான்னு இன்னும் எனக்கு வெளங்கல. அந்தக் கண்ணு ஸ்பெயின்லயே வேற யாருக்கும் இல்ல. புத்தகம் எழுதுறவங்ககிட்டயும் சொன்னேன். நம்ப முடியலன்னு வெட்டிட்டாங்க. கிறிஸ்துமஸ் கிறிஸ்துமஸுக்குக் கேக்கலாம்னு கூப்பிடுவேன். ஐயா தோட்டத்துல இருப்பாரு."

ஊரே என்னைத் திரும்பிப் பார்த்தது. யாரோ கை தட்டினார்கள், பிறகு எல்லோரும். விசிதாசியோன்கூட எழுந்து நின்று தட்டினாள், தோட்டத்தைப் பற்றிய பகுதியில் கொஞ்சம் கூடுதலாக.

எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. நடுக்களத்தில் நின்றுகொண்டு அதை அனுபவிக்கப் பார்த்தேன். பந்து உதைபடுவதற்கு முன்பே பார்த்துவிடும் அந்த இசிதோரோ யார்? ஏழு மிளகாய் தின்றவன் அல்ல. அப்படி ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, இருபத்தைந்து வருடம் பயிற்சி வகுப்பிலெல்லாம் பேர் வாங்கிக்கொண்டு ஒருத்தன் உலவியிருக்கிறான், எனக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த இசிதோரோ மேல் எனக்கு வந்த வயிற்றெரிச்சலுக்கு முன்னால் காஸ்தோ மேல் இருந்ததெல்லாம் வெறும் பசி.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு காஸ்தோ வந்தான். நான் அடுக்கி வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுதான் மிச்சமிருந்தது.

"பொய்ச் சைகை காட்டினே," என்றேன், தாழ்வாக.

"நானா?" கோட்டுப் பையிலிருந்து ஜாடியை எடுத்து என் கையில் வைத்தான். பாதி காலி. "பதட்டத்துல ஒண்ண எடுத்துக் கடிச்சேன்டா. உயிரே போயிருச்சு. உதட்டக் கடிக்காம வேற என்ன பண்ணச் சொல்ற? என் பசங்க யாரும் பாக்கல. நீ என்னடான்னா தொப்பியக் கழட்டுற, அந்தக் கொழாக்காரன் மரம் மாதிரி நிக்கிறான்." சிரிக்க ஆரம்பித்தான். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "மிளகா ஜெயிச்சுக் குடுத்த ஆட்டம்டா இது. நாளைக்கு எந்த நிபுணன் வந்து என்ன..."

சிரிப்பு பாதியில் நின்றது.

எதிரில் உட்கார்ந்து பல ஆயிரம் கை முஸ் ஆடிய முகம் அது. எந்தச் சீட்டு எப்போது வந்து சேர்கிறது என்று எனக்குத் தெரியும். ஜாடியைப் பார்த்தான். என் உதட்டைப் பார்த்தான். மறுபடி ஜாடியைப் பார்த்தான்.

"இசிதோரோ," என்றான். "அந்தக் குடைக்காரர் வந்த அன்னைக்குக் காலைல நீ என்ன சாப்பிட்ட?"

வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம் என்பது சட்டம்.

"ஆம்லெட்."

"வெறும் ஆம்லெட்டா?"

"வெறும் ஆம்லெட்."

"சரி," என்றான் காஸ்தோ பெராமெந்தி. "இப்ப என் மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

நான் குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டத் தொடங்கினேன். அன்று நான் போட்டிருந்தது, தோட்டத்துக்குப் போட்டுக்கொண்டு போகும் ரப்பர் பூட்ஸ்.